காற்று மிஞ்சும்போது

(நமது சங்கத்தின் நூற்றாண்டையொட்டிக் கொழும்பில் நடைபெற்ற ஒன்றுகூடலில் 1985ஆம் ஆண்டு உயர்தர வகுப்பு மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



செயலாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்தபோது, "நீர் முப்பது வருஷம் வங்கியில இருந்தனீர்தானே, சேமிப்பைப் பற்றி, ஓய்வூதியத்தைப் பற்றி ஏதாவது பேசுமன்" என்றுதான் கேட்டார். நான், "காற்றைப் பற்றிப் பேசட்டோ?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "காத்தோ?" என்றார். "ஓம், காத்துத்தான். காத்துப் பலமாக அடிச்சால் என்ன செய்யிறது எண்டு" என்றேன். "சரி, இருபது நிமிஷத்துக்கு மேலே போகாதேயும்" என்று தொலைபேசியை வைத்துவிட்டார். ஆகவே நேரத்தைக் கவனித்துக்கொண்டே பேசுகிறேன்.

நான் வெள்ளவத்தையில் வளர்ந்தவள். எங்கள் வீட்டு மாடியில் ஏறினால் கடல் தெரியும். இரவில் கடைசி ரயில் போன பிறகு அலைச்சத்தம் படுக்கைக்கே வரும். ஆனால் பதினெட்டு வயதுவரை முழங்காலுக்கு மேல் கடல்நீர் என்னைத் தொட்டதில்லை. தண்டவாளத்தைத் தாண்டிப் போவதற்கே அம்மாவிடம் அனுமதி கேட்க வேண்டும். போனாலும் கல்லில் இருந்து கடலை வாங்கி, கச்சான் கொறித்துவிட்டு, பொழுது படுவதற்கு முன் வீடு திரும்ப வேண்டும்.

என் வகுப்பில் பாதிப்பேர் கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள். அவர்களுக்குக் கடல் என்றால் துறைமுகம். சாந்த லூசியாள் தேவாலயப் பக்கத்து மேட்டிலிருந்து பார்த்தால் கப்பலும் பாரந்தூக்கியும் தெரியும் என்று சொல்வார்கள். பஸ்ஸில் கொஞ்சத் தூரம் போனால் களனி கங்கை கடலில் விழும் முகத்துவாரம். அந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

வெள்ளவத்தையோ கொட்டாஞ்சேனையோ, எங்கள் வகுப்பில் நீந்தத் தெரிந்தவள் ஒருத்திகூட இருக்கவில்லை. மூன்று பக்கம் அல்ல, நான்கு பக்கமும் கடல் சூழ்ந்த நாட்டில், கடற்கரை நகரத்தில், பன்னிரண்டு வருஷம் படித்தோம். நெட்போல் விளையாடினோம், பரதநாட்டியம் ஆடினோம், மார்ச்பாஸ்டில் கிண்ணம் வாங்கினோம். தண்ணீரில் விழுந்தால் மட்டும் கல்லைப்போல் கீழே போயிருப்போம்.

நான் நீந்தப் பழகியது நாற்பத்தாறு வயதில். ஏன் என்று கேட்டால், வைத்தியர் முழங்காலுக்குச் சொன்னார். ஒரு வருஷம் கழித்து, ரொறன்ரோவிலிருந்து வந்த என் பெறாமகள் என்னைப் பெந்தோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வெள்ளவத்தையில் ரயிலேறினால் அளுத்கமையில் இறங்கலாம், கரையோரப் பாதை. அங்கேதான் விண்ட்சேர்ஃபிங் பலகையை முதன்முதலில் கிட்ட நின்று பார்த்தேன். "சித்தி, நீங்களும் ஏறுங்கோ" என்றாள். நான் சிரித்தேன். மூன்றாம் நாள் ஏறினேன்.

அதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு நீளப் பலகை. அதன் நடுவில் பாய்மரம். சாதாரண படகில் பாய்மரம் நேராக ஆணியடித்தாற்போல நிற்கும். இதில் அடியில் எல்லாப் பக்கமும் வளையும் ஒரு மூட்டு இருக்கிறது. மரம் எந்தப் பக்கமும் சாயும். சுக்கானும் இல்லை. பாயைச் சுற்றி வளைந்து வரும் ஒரு கைபிடி உண்டு, பூம் என்பார்கள். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பாயை முன்னே சாய்த்தும் பின்னே சாய்த்தும் பலகையைத் திருப்ப வேண்டும். பாயை நிமிர்த்தி வைத்திருப்பது உங்கள் உடம்பு மாத்திரம்தான். 1960களில் அமெரிக்காவில் உருவான விளையாட்டு இது. 1984இல் லொஸ் ஏஞ்சல்ஸில் ஒலிம்பிக்குக்கு வந்தது, ஆண்களுக்கு. பெண்களுக்கான தனிப் போட்டி 1992இல் பார்சிலோனாவில்தான் தொடங்கியது. அதில் தங்கம் வென்றவர் நியூசிலாந்தின் பார்பரா கெண்டல். நாங்கள் உயர்தரம் முடித்து ஏழு வருஷத்துக்குப் பிறகு.

பெந்தோட்டையில் ஆறு கடலில் விழுவதற்கு முன் கரையோடு சேர்ந்து நீளமாகக் கிடக்கிறது. நடுவில் ஒரு மணல் திட்டு கடலை மறைத்துவிடும். அதனால் தண்ணீர் குளம்போல இருக்கும். பழகுவதற்கு நல்ல இடம். முதல் இரண்டு வருஷம் விழுவதும் ஏறுவதுமாகப் போனது. பிறகு மெல்லிய காற்றில் அக்கரைக்குப் போய்த் திரும்பி வரப் பழகிக்கொண்டேன். அதற்கே எனக்குப் பெருமை தாங்கவில்லை. அலுவலகத்தில் எல்லோருக்கும் படம் காட்டினேன்.

இனித்தான் விஷயத்துக்கு வருகிறேன்.

காற்றைப் பற்றி எனக்குத் தெரியாத கணக்கு ஒன்று இருந்தது. கணக்கில் நான் வகுப்பில் முதலாவது என்பதால் இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயில் விழும் பலம் இரண்டு மடங்கு என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. பலம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். மணிக்கு 10 கடல் மைல் வேகத்தில் வீசிய காற்று 14 ஆனாலே பலம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. 20 ஆனால் நான்கு மடங்கு. கரையில் நிற்பவருக்கு "கொஞ்சம் காத்துக் கூடிப்போச்சு" என்று தோன்றும். பாயைப் பிடித்திருப்பவளுக்கு, ஒரு ஆள் இழுத்த கயிற்றை நான்கு ஆள் இழுப்பதுபோல இருக்கும். அந்த நிலைக்குத்தான் காற்று மிஞ்சிவிட்டது என்று பெயர். நீங்கள் பாயைக் கொண்டு போகவில்லை, பாய் உங்களைக் கொண்டு போகிறது.

2015ஆம் ஆண்டு, சித்திரை வருடப்பிறப்பு விடுமுறை. அந்தக் காலத்து வானிலை உங்களுக்குத் தெரியும். காலையில் இலை அசையாது. பகல் முழுக்க வெக்கை. பின்னேரம் மேட்டுப் பக்கம் கறுத்துக்கொண்டு வரும், பிறகு இடியும் மழையும். மழை விழுவதற்குச் சற்று முன் முகத்தில் குளிர்ந்த காற்று ஒன்று அடிக்கும். சின்ன வயதில் கொடியில் காயும் துணியை எடுக்க ஓடுவோமே, அந்தக் காற்று. இடிமுகிலிலிருந்து கீழே விழும் குளிர்காற்று நிலத்தில் மோதிப் பக்கவாட்டில் பரவுவதுதான் அது. மழை வரும் என்று சொல்லிக்கொண்டு முன்னே ஓடி வருகிறது.

நான் ஆற்றின் நடுவில் இருந்தேன். மேட்டுப் பக்கம் கறுத்ததைப் பார்த்தேன். "இன்னொருக்காப் போய் வருவம்" என்று நினைத்தேன். பழகித் தருகிற தம்பி கரையிலிருந்து கையைக் காட்டிக் கூப்பிட்டதையும் பார்த்தேன், காணாததுபோல இருந்தேன். ஆகவே பிழை முழுக்க என்னுடையது.

அந்தக் குளிர்காற்று கரைப்பக்கமிருந்து வந்து பாயில் அறைந்தது. பலகை முகத்துவாரத்தை நோக்கிப் பாய்ந்தது. நான் என்ன செய்தேன்? இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, பாயை என் பக்கம் இழுத்தேன். எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். பஸ் திடீரென்று பாய்ந்தால் கம்பியை இறுக்கிப் பிடிக்கிறோமே, அதேபோல. ஆனால் பஸ்ஸில் கம்பியை இறுக்கினால் பஸ் வேகமாக ஓடாது. பாயில் பின் கையால் இழுத்தால் பாய் இன்னும் அதிகக் காற்றை வாங்கும். பிடிப்பு இறுக இறுக வேகம் கூடும். வேகம் கூடக் கூடப் பயத்தில் இன்னும் இறுகும். அப்படியே ஒன்றையொன்று ஊட்டிக்கொண்டு போகும்.

அந்தத் தம்பி இயந்திரப் படகை எடுத்துக்கொண்டு பின்னால் வந்துகொண்டிருந்தான். சிங்களத்தில் கத்தினான்: "அதாரின்ன அக்கே! அதாரின்ன!" விடுங்கோ அக்கா, கையை விடுங்கோ. கேட்டது. விளங்கியது. கை திறக்கவில்லை. பத்து விரலும் என்னுடையவை அல்ல என்பதுபோல இருந்தது. முன்னால் ஆற்று நீரும் கடலலையும் மோதி வெள்ளையாக நுரைக்கும் இடம் தெரிந்தது.

மூன்றாவது முறை கத்தியபோது ஒரு சொல்லைக் கூட்டிச் சொன்னான். பின் கையை மட்டும் விடுங்கோ என்றான். அந்த ஒரு சொல்தான் என்னைக் காப்பாற்றியது. எல்லாவற்றையும் விடு என்றால் மனம் கேட்காது. ஒன்றை விடு, மற்றதை வைத்திரு என்றால் கேட்கும். பின் கை திறந்தது. பாய் கதவுபோலத் திறந்து, காற்று அதன் இரு பக்கமும் வழிந்து ஓடியது. துணி படபடவென்று அடித்தது. பலகையின் வேகம் அப்படியே குறைந்தது. முன் கை பூமைப் பிடித்தபடியே இருந்தது.

அடுத்த அறைதலில் விழுந்துவிட்டேன். அதுவும் நல்லதுக்குத்தான். பாய் தண்ணீரில் கிடந்தால் நங்கூரம்போலப் பலகையை இழுத்துப் பிடிக்கும், மிதந்து போவது குறையும். தலையைத் தூக்கிப் பார்த்தேன். மணல் திட்டு கிட்டவே தெரிந்தது. நீந்தினால் ஐந்து நிமிஷத்தில் போய்விடலாம்போல இருந்தது. ஒரு கையை எடுத்தும் வைத்தேன். அப்போதுதான் முதல் நாளே அவன் சொல்லித்தந்தது நினைவு வந்தது: என்ன நடந்தாலும் பலகையை விடக் கூடாது. தண்ணீரிலிருந்து பார்த்தால் கரை எப்போதும் கிட்டத்தான் தெரியும். திரும்பினேன், பலகையில் ஏறி இருந்தேன். இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி மெதுவாக மேலும் கீழும் அசைத்தேன். உலகம் முழுக்க அதுதான் உதவி கேட்கும் சைகை. படகு வந்தது. மழையும் வந்தது. கரையில் என் பெறாமகள் நின்று அழுதுகொண்டிருந்தாள். எனக்கு அழுகை வரவில்லை, ஒரு பிளேன்டீ கிடைத்தால் போதும்போல இருந்தது.

பிளேன்டீ குடிக்கும்போது அந்தத் தம்பி சொன்னான்: "அக்கா, பலகையோட இருக்கிறவங்களைக் கண்டுபிடிச்சிடலாம். அலைக்குள்ள தலையை மட்டும் தேடுறதுதான் கஷ்டம்."

அதன் பிறகு ஒழுங்காகப் பழகினேன். காற்று மிஞ்சும்போது செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்களில் யாரும் பாயில் ஏறப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். உங்கள் பேரப்பிள்ளைகள் ஏறுவார்கள். ரொறன்ரோ ஏரியிலோ சிட்னியிலோ ஏற்கெனவே ஏறிக்கொண்டிருப்பார்கள். ஆகவே கேட்டு வையுங்கள்.

முதலாவது, கரையில் நின்று பார்ப்பது. தண்ணீரில் வெண்நுரை ஆங்காங்கே தெரியத் தொடங்கினால் காற்று 10 கடல் மைலை எட்டிக்கொண்டிருக்கிறது. அடிக்கடி தெரிந்தால் அதற்கும் மேல். அப்படியான நாளில் சின்னப் பாயை எடுக்க வேண்டும். கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்றில் இறங்கவே கூடாது. நம் மேல்கரையில் வாடைக்காலத்துக் காலைவேளைகளில் அப்படி வீசும். கரையோரம் தண்ணீர் கண்ணாடிபோல இருக்கும், பார்த்தால் பயமே வராது. வெளியே போகப் போகத்தான் தெரியும்.

இரண்டாவது, பாயைத் தட்டையாக்குவது. பாயின் அடியில் உள்ள கயிற்றை நன்றாகக் கீழே இழுத்து இறுக்கினால், பாயின் மேற்பகுதி தளர்ந்து கூடுதல் காற்றைத் தானே சிந்திவிடும். புதிதாகப் பழகுபவர்கள் இறுக்கினால் பலம் கூடும் என்று நினைப்பார்கள். இந்தக் கயிற்றில் அது நேர்மாறு.

மூன்றாவது, உடம்பு. பயத்தில் இடுப்பை வளைத்து முன்னே குனிவோம். குனிந்தால் பாய் தூக்கி எறிந்துவிடும். முழங்காலை மடித்து, உடம்பைத் தாழ்த்தி, கையை நீட்டி, கதிரையில் சாய்வதுபோலப் பின்னே சாய வேண்டும். கை பலத்தால் அல்ல, உடல் பாரத்தால் தாங்க வேண்டும். இடுப்பில் கொக்கிப் பட்டி கட்டியிருந்தால் பாரம் அதில் தொங்கும், கை களைக்காது. அதனால்தான் ஐம்பது வயதுப் பெண்ணாலும் இதைச் செய்ய முடிகிறது.

நான்காவது, பின் கையைத் திறப்பது, பலகையின் மூக்கைக் காற்று வரும் திசைக்குத் திருப்புவது. காற்றுக்கு முதுகைக் காட்டி ஓட நினைத்தால் திரும்பும்போது பாய் முழுக் காற்றையும் வாங்கும். முகத்தைக் காட்டினால் பலம் குறையும்.

ஐந்தாவது, அதற்கும் மிஞ்சினால் பாயைத் தண்ணீரில் போட்டுவிட்டுப் பலகையில் இருப்பது.

இதெல்லாம் வெளிநாட்டுக்காரர் கண்டுபிடித்த வித்தை என்று நினைக்க வேண்டாம். நம் கரையில் சிங்கள மீனவர் ஒருவ என்று அழைக்கும் வள்ளம் இருக்கிறதே, ஒரு பக்கம் மரமிதவை கட்டியது, நீர்கொழும்புப் பக்கம் மண்ணிறப் பாயோடு பார்த்திருப்பீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே வந்த பயணிகள் அதைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார்கள். காற்றுக் கூடும்போது ஒரு ஆள் மிதவைச் சட்டத்தில் ஏறிப்போய் இருப்பான். இன்னும் கூடினால் இரண்டாம் ஆள், பிறகு மூன்றாம் ஆள். ஆகவே அந்த மீனவர்கள் காற்றை எண்ணால் அளக்கவில்லை. ஓராள் காற்று, ஈராள் காற்று, மூவாள் காற்று என்று சொன்னார்களாம். எனக்கு இது மிகவும் பிடித்த அளவை. காற்று எவ்வளவு என்று அவர்கள் கேட்கவில்லை. இந்தக் காற்றைத் தாங்க எத்தனை பேர் வேண்டும் என்று கேட்டார்கள். நான் அன்று ஈராள் காற்றில் தனியாள்.

பாயின் அளவைப் பற்றி இன்னொரு செய்தி. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் என்ற பெண்ணைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர் ஓட்டுவது விண்ட்சேர்ஃபிங் பலகை அல்ல, ஒருவர் மட்டும் செல்லும் சிறு பாய்ப்படகு. காற்று ஒன்றுதான். 2021 ஏப்ரலில் ஓமானில் நடந்த தகுதிப் போட்டியில் தேறி, ஒலிம்பிக் பாய்ப்படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். டோக்கியோவில் 44 பேரில் 35ஆவது இடம். விடவில்லை. 2024இல் பாரிசில் 43 பேரில் 21ஆவது.

அவர் ஓட்டும் படகில் ஒரு விசேஷம் உண்டு. படகின் உடல் ஒன்றேதான், ஆனால் அதற்கு மூன்று அளவுப் பாய்கள் இருக்கின்றன. பெரியது ஏறத்தாழ 7 சதுர மீற்றர். ஒலிம்பிக்கில் பெண்கள் கட்டும் பாய் 5.76 சதுர மீற்றர். சின்னவர்களுக்கு 4.7. உடல் பாரம் குறைந்தவர் பெரிய பாயைக் கட்டினால் பலத்த காற்றில் படகை நேராக வைத்திருக்கவே அவருடைய சக்தியெல்லாம் போய்விடும். தன் பாரத்துக்கு ஏற்ற பாயைக் கட்டினால் அதே காற்றில் ஓடலாம். அதை யாரும் தோல்வி என்று சொல்வதில்லை. நான்தான் பெந்தோட்டையில் பக்கத்து வெள்ளைக்காரப் பெண் பெரிய பாய் கட்டுகிறாள் என்று நானும் கட்டினேன்.

இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கிறது.

அன்று இரவு பெந்தோட்டையில் எனக்கு நித்திரை வரவில்லை. உள்ளங்கையில் பூமின் தடம் சிவந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மாவின் கைதான் நினைவுக்கு வந்தது. 1983 ஜூலை. எங்களில் எத்தனையோ பேருக்கு அந்த மாதத்தை விளக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டை விட்டுப் பத்து நிமிஷத்தில் வெளியேற வேண்டியிருந்தது. அப்பா இறந்து இரண்டு வருஷம். அந்த வீட்டில் அம்மாவின் சீதனப் பெட்டி இருந்தது, தையல் மெஷின் இருந்தது, சீட்டுக் கட்டி வாங்கிய குளிர்சாதனப் பெட்டி இருந்தது. அம்மா ஒன்றையும் தொடவில்லை. ஒரு துணிப்பையில் எங்கள் பிறப்புச் சான்றிதழ்களையும் பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கைகளையும் போட்டார். ஒரு கையில் பை, மறு கையில் தங்கச்சி. என்னைப் பார்த்து, "மற்றதெல்லாத்தையும் விடு பிள்ளை" என்றார்.

முகாம், பிறகு கப்பல், பிறகு காங்கேசன்துறை. அடுத்த வருஷம் திரும்பி வந்தபோது அந்தத் துணிப்பையோடுதான் அம்மா அதிபரின் அறைக்குப் போனார். சீருடை இல்லை, புத்தகம் இல்லை. தேர்ச்சி அறிக்கையைப் பார்த்துவிட்டு அதிபர், "நாளைக்கே வகுப்புக்கு வரட்டும்" என்றார். இந்த மண்டபத்தில் இருக்கும் இரண்டு பேர் தங்கள் குறிப்புப் புத்தகங்களைத் தந்தார்கள், நான் பார்த்து எழுதினேன். அவர்கள் யார் என்று அவர்களுக்குத் தெரியும்.

முப்பது வருஷமாக எனக்கு அம்மாவிடம் ஒரு சின்ன மனக்குறை இருந்தது. ஏன் சண்டை பிடிக்கவில்லை, ஏன் வீட்டைப் பூட்டிக்கொண்டு இருக்கவில்லை, ஏன் அவ்வளவு சுலபமாக எல்லாவற்றையும் விட்டார் என்று. பெந்தோட்டையில் என் விரல்கள் திறக்க மறுத்த பிறகுதான் விளங்கியது, அது சுலபமாக இருந்திருக்காது. அவர் பாயை விட்டார். பலகையை விடவில்லை. எது பாய், எது பலகை என்று பத்து நிமிஷத்தில் அவருக்குத் தெரிந்திருந்தது. நான் அதைச் சொல்வதற்கு அம்மா இப்போது இல்லை. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு மலரில் வாழ்த்துச் செய்திகள் நிறைய இருக்கும். வேலைத்திட்டம் ஒன்றும் இருக்கட்டும் என்று கேட்கிறேன். நம் கல்லூரியில் இன்று படிக்கும் பிள்ளைகளில் நீந்தத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று விளையாட்டு ஆசிரியையிடம் கேட்டேன். எண்ணிக்கையைச் சொல்லாமல் சிரித்தார். எங்களுக்கு நீச்சல் குளம் கட்டித் தரும்படி நான் கேட்கவில்லை. அது பெரிய பாய். சின்னப் பாயோடு தொடங்குவோம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை வாரத்தில் ஒரு நாள் ஏதாவது ஒரு குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போக ஒரு பஸ், ஒரு பெண் பயிற்றுநர், பிள்ளைகளுக்கு உடம்பை மூடும் நீச்சலுடை. தாய்மாரின் தயக்கம் எனக்குத் தெரியும், என் அம்மாவுக்கும் இருந்தது. அதற்கு மதிப்புக் கொடுத்தே இதைச் செய்யலாம். ஒரு பிள்ளை தண்ணீரில் மிதக்கவும், இருபத்தைந்து மீற்றர் நீந்தவும், கையை அசைத்து உதவி கேட்கவும் தெரிந்துகொண்டால் போதும். மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள்.

கனடாக் கிளையும் லண்டன் கிளையும் சிட்னிக் கிளையும் ஒவ்வொரு தவணைக்குப் பொறுப்பெடுத்தால் வருஷம் முழுவதும் நடக்கும். இது தனியொருத்தி தாங்கக்கூடிய காற்றில்லை. மூவாள் காற்று. மூன்று கிளையும் மிதவையில் ஏறி இருந்தால் வள்ளம் நேராக ஓடும். முதல் வருஷத்து பஸ் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன், வங்கிக்காரி என்பதால் கணக்கும் நானே எழுதித் தருகிறேன்.

இப்போதும் நான் மாதத்தில் ஒரு முறை பெந்தோட்டைக்குப் போகிறேன். சின்னப் பாய்தான் கட்டுகிறேன். மேட்டுப் பக்கம் கறுத்தால் உடனே கரைக்கு வந்துவிடுகிறேன், அந்தத் தம்பி கையைக் காட்டும்வரை காத்திருப்பதில்லை. கூட வர விரும்புபவர்கள் தேநீர் இடைவேளையில் என்னிடம் பெயர் தரலாம். முழங்கால் வருத்தம் இருப்பவர்களுக்கு முன்னுரிமை.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.